ட்ரிம் அழைத்தும் பெயர் ஏன் மாறவில்லை? ஜாவாவில் சரங்களைக் கையாளும் முறை

சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் தம்பி ஒருவர், தம் வட்டாரச் சமூக மன்றத்தின் இந்திய நற்பணிக் குழுவுக்காக உறுப்பினர் பட்டியலைச் சீர்செய்யும் சிறிய நிரல் ஒன்றை ஜாவாவில் எழுதுகிறார். அவர் கேட்டிருப்பவை மூன்று. பெயரின் இருபுறமும் உள்ள வெற்றிடத்தை நீக்க ட்ரிம் என்னும் செயற்கூற்றை அழைத்தும் பெயர் மாறாமல் இருப்பது ஏன்? கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் இரண்டு பெயர்களை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் ‘பொய்’ என்று விடை வருவது ஏன்? சரங்களை, அதாவது எழுத்துத் தொடர்களைக் கையாள முதலில் எந்தச் செயற்கூறுகளைக் கற்க வேண்டும்? மூன்றுக்கும் சேர்த்தே விடை எழுதுகிறேன். ஏனென்றால் முதல் இரண்டு கேள்விகளின் விடையை நன்கு புரிந்துகொண்டவருக்கு மூன்றாவது கேள்வியில் பாதி தானாகவே தெளிந்துவிடும். செயற்கூறுகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். நிரலில் அவற்றை வழக்கமான ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்துகொள்ள வேண்டும்.

ஜாவாவில் சரம் என்பது ஸ்ட்ரிங் என்னும் வகுப்பைச் சேர்ந்த ஒரு பொருள். தரவும் அத்தரவின்மீது செய்யக்கூடிய வேலைகளும் அந்தப் பொருளுக்குள்ளேயே ஒன்றாக இருக்கின்றன. அதனால்தான் பெயரைச் செயற்கூற்றிடம் கொண்டுபோய்க் கொடுக்காமல், பெயர்.ட்ரிம்() என்று பெயரிடமே வேலையைச் சொல்கிறோம். ஆனால் இந்தப் பொருளுக்கு ஒரு கண்டிப்பான இயல்பு உண்டு. ஒருமுறை உருவான சரம் அதன் ஆயுள் முழுவதும் மாறாது. ட்ரிம் பழைய சரத்தைத் தொடுவதில்லை. வெற்றிடம் நீங்கிய புதிய சரம் ஒன்றை உருவாக்கித் திருப்பித் தருகிறது. தம்பியின் நிரலில் பெயர்.ட்ரிம்(); என்று மட்டும் எழுதியிருப்பதால், திரும்பி வந்த புதிய சரத்தை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை, பழைய சரம் பழையபடியே இருக்கிறது. பெயர் = பெயர்.ட்ரிம்(); என்று எழுதினால் ‘பெயர்’ என்னும் மாறி புதிய சரத்தைச் சுட்டத் தொடங்கும். நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) இதைப் பிழை என்று சொல்லாது என்பதால், கற்கத் தொடங்கும் எல்லாரும் குறைந்தது ஒரு மாலைப்பொழுதை இதில் இழந்திருப்பார்கள்.

சரத்தை ஏன் இப்படி மாறாததாக வடிவமைத்தார்கள் என்று கேட்பது நியாயம். ஒரே சரத்தை நிரலின் பல பகுதிகள் ஒரே நேரத்தில் சுட்டிக்கொண்டிருக்கலாம். ஒரு பகுதி அதை மாற்றிவிட்டால் மற்றப் பகுதிகள் அறியாமலேயே அவற்றின் தரவு மாறிவிடும். கோப்பின் முகவரியைச் சரிபார்த்த பிறகு, திறப்பதற்கு முன் அந்த முகவரி மாறிவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் பாதுகாப்புப் பயன் விளங்கும். மேலும், சரம் மாறாது என்பதால் அதன் ஹாஷ் மதிப்பை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஓர் எண்ணை, ஒருமுறை கணக்கிட்டுச் சேமித்துக்கொள்ள முடிகிறது. திறவுகோலைக் கொண்டு மதிப்பைத் தேடித் தரும் ஹாஷ்மேப்பில் சரங்களைத் திறவுகோலாகப் பயன்படுத்துவது விரைவாக நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பைத்தானிலும் சி ஷார்ப்பிலும் சரங்கள் இதே இயல்புடையவைதாம். ரூபியில் அவற்றை இருந்த இடத்திலேயே மாற்ற முடியும். ஆகவே புதிய மொழி ஒன்றைக் கற்கும்போது சரத்தைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே என்பது என் கருத்து.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஜாவாவில் இரட்டைச் சமக்குறி, இரு மாறிகளும் நினைவகத்தில் ஒரே பொருளைச் சுட்டுகின்றனவா என்று மட்டுமே பார்க்கும். அவற்றின் உள்ளடக்கத்தைப் படித்துப் பார்க்காது. உள்ளடக்கத்தை ஒப்பிடுவது ஈக்குவல்ஸ் என்னும் செயற்கூற்றின் வேலை. எல்லா வகுப்புகளுக்கும் தாயான ஆப்ஜெக்ட் வகுப்பிலும் ஈக்குவல்ஸ் உண்டு. ஆனால் அங்கே அது இரட்டைச் சமக்குறியைப் போலவேதான் நடந்துகொள்கிறது. ஸ்ட்ரிங் வகுப்பு அதை மறுவரையறை செய்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும்படி ஆக்கியிருக்கிறது. தம்பி தம் நிரலைச் சோதித்தபோது இரட்டைச் சமக்குறி சரியாக வேலை செய்ததாகவும், கோப்பிலிருந்து பெயர்களைப் படிக்கத் தொடங்கிய பிறகே பிழை தோன்றியதாகவும் எழுதியிருக்கிறார். நிரலுக்குள் மேற்கோள்குறிக்கு இடையில் நேரடியாக எழுதப்படும் ஒரே மாதிரியான சரங்களை ஜாவா ஒரு பொதுக் குளத்தில் ஒரே பொருளாக வைத்துக்கொள்வதால் சோதனையில் ‘மெய்’ என்று வந்தது. கோப்பிலிருந்து படிக்கப்படும் ஒவ்வொரு பெயரும் தனித்தனிப் பொருளாக உருவாவதால் பின்னர் ‘பொய்’ என்று வந்தது. மாறி எந்தப் பொருளையும் சுட்டாமல் ‘நல்’ (null) எனப்படும் வெற்று மதிப்பு இருக்கக்கூடிய இடங்களில் விடை.ஈக்குவல்ஸ்("ஆம்") என்பதைவிட "ஆம்".ஈக்குவல்ஸ்(விடை) என்று எழுதுவது நல்லது. முதலாவது வடிவம் நிரலை நிறுத்திவிடும், இரண்டாவது அமைதியாகப் ‘பொய்’ என்று சொல்லும்.

வெற்றிடத்தை நீக்குவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2018இல் வெளிவந்த ஜாவா 11இல் ஸ்ட்ரிப் என்னும் செயற்கூறு சேர்க்கப்பட்டது. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. ட்ரிம், அந்த எண் 32 வரை உள்ளவற்றை மட்டும் வெற்றிடமாகக் கருதுகிறது. ஸ்ட்ரிப், உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிக்கோடு முறையிலுள்ள வெற்றிடங்களில் பெரும்பாலானவற்றையும் அறியும். ஆனால் இணையப்பக்கங்களிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது வந்து சேரும், 160 என்னும் எண்ணுடைய பிரியா இடைவெளியை இவ்விரண்டுமே நீக்குவதில்லை. 8203 என்னும் எண்ணுடைய, அகலமே இல்லாத இடைவெளியும் அப்படியே தங்கிவிடும். உறுப்பினர்கள் இணையப் படிவத்தில் ஒட்டி அனுப்பிய பெயர்களில் இவை அடிக்கடி ஒளிந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் பெயர்களை ஈக்குவல்ஸும் வேறு என்று சொன்னால் முதலில் இவற்றைத்தான் தேட வேண்டும். 160ஐ ரீப்ளேஸ் கொண்டு சாதாரண இடைவெளியாக மாற்றி, 8203ஐ அறவே நீக்கிவிட்டு, அதன் பிறகு ஸ்ட்ரிப் அழைப்பதே முறை.

சரத்தின் ஒரு பகுதியை எடுக்க சப்ஸ்ட்ரிங் பயன்படுகிறது. சுட்டெண் சுழியத்திலிருந்து தொடங்கும். முதலில் தரும் எண் சேரும், இரண்டாவதாகத் தரும் எண் சேராது. சிங்கப்பூரின் தேக்கா நிலையம் என்னும் சந்தைக் கட்டடத்தின் அஞ்சல் குறியீட்டை எடுத்துக்கொள்வோம்: 210665. சப்ஸ்ட்ரிங்(0, 2) என்றால் 21 கிடைக்கும். அது அஞ்சல் பிரிவைக் குறிப்பது. சப்ஸ்ட்ரிங்(3) என்றால் 665 கிடைக்கும். பஃபலோ ரோட்டில் அந்தக் கட்டடத்தின் எண்ணும் அதுவே. இரண்டாவது எண் சேராது என்னும் விதி முதலில் குழப்பினாலும் அதில் ஒரு வசதி இருக்கிறது: இரண்டாவது எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் கிடைக்கும் துண்டின் நீளம் வந்துவிடும்; ஒரு துண்டு முடியும் எண்ணிலேயே அடுத்த துண்டு தொடங்கும். அஞ்சல் குறியீட்டை முழு எண்ணாகச் சேமித்தால் என்ன என்று பலர் கேட்பதுண்டு. சேமிக்கவே கூடாது. நகரின் மத்திய வட்டாரத்துக் குறியீடுகள் சுழியத்தில் தொடங்குகின்றன. எண்ணாக மாற்றிய கணமே அந்தச் சுழியம் மறைந்து, ஆறு இலக்கம் ஐந்தாகிவிடும். கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்றால், இலக்கங்களால் ஆனதாக இருந்தாலும் அது சரம்தான்.

ஒரு சொல் எங்கே இருக்கிறது என்று தேட இண்டெக்ஸ்ஆஃப் உதவும். இருந்தால் அதன் இடத்தையும் இல்லாவிட்டால் -1ஐயும் தரும். நம் உறுப்பினர் பட்டியலில் இதற்குப் பொருத்தமான வேலை ஒன்று உண்டு. சிங்கப்பூர்த் தமிழர்கள் பலரின் பெயர் ‘முருகன் எஸ்/ஓ ராமசாமி’ என்னும் அமைப்பில் இருக்கும். ‘எஸ்/ஓ’ என்றால் ‘இன்னாரின் மகன்’ என்று பொருள். இங்கே கடைசிச் சொல் குடும்பப் பெயர் அன்று, தந்தையின் பெயர். வெளிநாட்டுப் பாடங்களைப் பார்த்து இடைவெளியில் பெயரைப் பிரித்துக் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டால், மகனுக்குப் போக வேண்டிய கடிதம் தந்தையின் பெயருக்குப் போகும். " எஸ்/ஓ " என்பதை முன்னும் பின்னும் இடைவெளியோடு சேர்த்துத் தேடி, கிடைத்த இடம் வரை சப்ஸ்ட்ரிங் எடுத்தால் உறுப்பினரின் பெயர் கிடைக்கும். அந்த இடத்தோடு தேடிய சொல்லின் நீளத்தைக் கூட்டி, அங்கிருந்து எடுத்தால் தந்தையின் பெயர் கிடைக்கும். பெண்களின் பெயருக்கு, ‘இன்னாரின் மகள்’ எனப் பொருள்படும் ‘டி/ஓ’ என்று தேட வேண்டும். இரண்டுமே இல்லாத பெயர்களும் வரும் என்பதால், -1 வந்ததா என்று பார்க்காமல் அதை அப்படியே சப்ஸ்ட்ரிங்கிடம் கொடுத்தால் நிரல் பிழையுடன் நின்றுவிடும். படிவங்களில் இந்த இணைப்புச் சொல் ரோமன் எழுத்தில் சிலரால் பெரிய எழுத்தாகவும் சிலரால் சிறிய எழுத்தாகவும் எழுதப்படுவதால், தேடுவதற்கு முன் டுஅப்பர்கேஸ் அழைத்துவிடுவது நல்லது. அதற்கு, எந்த மொழியையும் சாராத அமைப்பைக் குறிக்கும் லோக்கேல்.ரூட் என்பதை உள்ளீடாகத் தர வேண்டும்; தராவிட்டால் நிரல் இயங்கும் கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்து விடை மாறும். துருக்கிய மொழி அமைப்பில் ‘ஐ’ என்னும் ரோமன் எழுத்து வேறு வடிவத்துக்கு மாறிவிடுவது எல்லாரும் அறிந்த சிக்கல்.

கண்டெயின்ஸ், ஸ்டார்ட்ஸ்வித், எண்ட்ஸ்வித், ஈஸ்எம்ப்டி ஆகியவற்றைப் பெயரைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். ஜாவா 11இல் வந்த ஈஸ்பிளாங்க், வெற்றிடம் மட்டுமே உள்ள சரத்தையும் வெறுமையானதாகக் கருதும் என்பது ஒன்றே நினைவில் வைக்க வேண்டியது.

இதுவரை சொன்னவை எந்த மொழியில் எழுதப்பட்ட பெயருக்கும் பொருந்துபவை. பட்டியலில் தமிழ் எழுத்தில் உள்ள பெயர்களும் இருப்பதாகத் தம்பி எழுதியிருப்பதால், பாடநூல்களில் பெரும்பாலும் காணக்கிடைக்காத ஒன்றை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். லெங்த் என்னும் செயற்கூறு நாம் எண்ணும் எழுத்துகளை எண்ணுவதில்லை. யூனிக்கோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-16 முறையிலான குறியீட்டு அலகுகளை எண்ணுகிறது. ‘சிங்கப்பூர்’ என்னும் சொல்லில் நமக்கு சி, ங், க, ப், பூ, ர் என ஆறு எழுத்துகள். ஜாவாவுக்கோ அது 11. ச, இகரக் குறி, ங, புள்ளி, க, ப, புள்ளி, ப, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று ஒவ்வொன்றும் தனி அலகு. யூனிக்கோடு தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதியை ஒதுக்கியது. இந்திய மொழிகளுக்காக 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி முறையைப் பின்பற்றி, உயிர்மெய்களுக்குத் தனி இடம் தராமல் அகரமேறிய மெய்யோடு குறிகளைச் சேர்த்து எழுதும் வழியை அது மேற்கொண்டது. 1997இல் இதே சிங்கப்பூரில் தமிழ்நெட் ’97 மாநாடு கூடித் தமிழ்க் குறியீட்டையும் விசைப்பலகையையும் தரப்படுத்துவது பற்றி ஆராய்ந்தது. இன்று நாம் எந்தக் கருவியிலும் தமிழில் எழுத முடிவதற்குப் பின்னால் அத்தகைய உழைப்பு நிறைய இருக்கிறது. எழுத்துகள் திரையில் சரியாகத் தெரிகின்றன என்பதனாலேயே நிரலும் அவற்றைச் சரியாக எண்ணும் என்று நாம் கருதிவிடக் கூடாது.

இதன் விளைவை நான் நேரில் கண்டிருக்கிறேன். முன்பு நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் உறுப்பினர் அட்டைகளை அச்சிடும் நிரல், பெயரை 20 அலகுகளுக்குள் அடக்குவதற்காகச் சப்ஸ்ட்ரிங்கைப் பயன்படுத்தியது. 21ஆவது அலகாகப் புள்ளி அமைந்த பெயர்கள் எல்லாம் கடைசிப் புள்ளியை இழந்து அச்சாயின. ‘சிங்கப்பூர்’ என்பதைப் பத்து அலகோடு நிறுத்தினால் ‘சிங்கப்பூர’ என்று ஆவதைப் போல, ‘ன்’ என்று முடியும் பெயர்கள் ‘ன’ என்று முடிந்தன. முதியவர் ஒருவர் தம் அட்டையைக் கொண்டுவந்து நீட்டி, ‘என் பெயரைச் சரியாக எழுத முடியாதா?’ என்று கேட்டது இன்றும் என் மனத்தில் இருக்கிறது. அவர் கேட்டதில் தவறே இல்லை. ஒருவருடைய பெயரை நம் நிரல் சிதைக்கும்போது, அது சிறிய பிழை என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

தமிழ்ச் சரத்தை எழுத்து எழுத்தாகப் பிரிக்க, பிரேக்இட்டரேட்டர் என்னும் வகுப்பின் எழுத்துவகைப் பிரிப்பானைப் பயன்படுத்தலாம். அல்லது ஜாவா 9 முதல், எழுத்துக் கோலங்களை விவரித்துத் தேட உதவும் சுருங்குறித் தொடரில் பின்சாய்கோட்டுக்குப் பின் பெரிய எக்ஸ் எழுதி ஒரு முழு எழுத்துத் தொகுதியைப் பொருத்தலாம். இம்முறையில் ‘சிங்கப்பூர்’ ஆறாகவே பிரியும். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ போன்றவற்றை நாம் ஓரெழுத்தாகக் கருதினாலும் இந்த விதிகள் இரண்டாகவே எண்ணும் என்பதை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும். சரத்தைத் திருப்பிப் போடும் ரிவர்ஸ் செயற்கூற்றைத் தமிழில் நேரடியாகப் பயன்படுத்தவே முடியாது. ‘தமிழ்’ என்பதைத் திருப்பினால் புள்ளி முதலில் வந்து தனித்து நிற்கும். ம-வுக்குரிய இகரக் குறி ழ-வோடு ஒட்டிக்கொண்டு ‘ழி’ ஆகிவிடும்.

ஒப்பிடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘கோபால்’ என்னும் பெயரில் உள்ள ஓகாரக் குறியை யூனிக்கோட்டில் ஒரே அலகாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என இரண்டு அலகாகவும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் முதலாவதின் நீளம் 6, இரண்டாவதின் நீளம் 7. ஈக்குவல்ஸ் இவற்றை வேறு வேறு என்றே சொல்லும். நார்மலைசர் என்னும் வகுப்பைக் கொண்டு எல்லாப் பெயர்களையும், பிரிந்த குறிகளை ஒரே அலகாக இணைக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

சரத்தைத் துண்டுகளாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டுக்கும், மாற்றீடு செய்யும் ரீப்ளேஸ்ஆலுக்கும் தரப்படும் முதல் உள்ளீடு சாதாரணச் சரம் அன்று, சுருங்குறித் தொடர். அங்கே புள்ளிக்கு ‘எந்த எழுத்தானாலும்’ என்று பொருள். ஆகவே உணவங்காடி நிலையக் கடையின் விலைப்பட்டியலிலிருந்து "4.50" என்பதை எடுத்துப் புள்ளியில் பிரிக்க ஸ்ப்ளிட்(".") என்று எழுதினால், ஒரு துண்டுகூட இல்லாத வெற்று அணிதான் கிடைக்கும், புள்ளிக்கு முன் இரண்டு பின்சாய்கோடு இட வேண்டும். ஸ்ப்ளிட்டின் இன்னொரு வழக்கம், முடிவில் உள்ள வெற்றுத் துண்டுகளைச் சொல்லாமல் விட்டுவிடுவது. "முருகன்,,210665,," என்னும் வரியைக் காற்புள்ளியில் பிரித்தால் ஐந்து புலங்களுக்குப் பதிலாக மூன்றே வரும். இரண்டாவது உள்ளீடாக -1 தந்தால்தான் ஐந்தும் வரும். தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ நிரப்பாத உறுப்பினர்களின் வரிகளில் மட்டும் நிரல் தடுமாறுவதற்கு இதுவே காரணமாக இருக்கும். முகவரிக்குள்ளேயே காற்புள்ளி வரக்கூடும் என்றால் ஸ்ப்ளிட்டை விட்டுவிட்டு, அதற்கென உள்ள நூலகத்தை நாடுவதே சரி.

ரீப்ளேஸ்ஆலில் வெள்ளிக் குறிக்கும் ($) தனிப் பொருள் உண்டு. ‘விலை’ என்னும் சொல்லை "$4.50" என்று மாற்றச் சொன்னால், அது நான்காவது குழுவை, அதாவது சுருங்குறித் தொடரில் அடைப்புக்குறிக்குள் வரும் நான்காவது பகுதியைத் தேடிப்போய், அப்படியொரு குழு இல்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். ரீப்ளேஸ் என்னும் எளிய செயற்கூற்றுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ரீப்ளேஸ் முதல் இடத்தை மட்டும்தான் மாற்றும் என்று பலர் தவறாக நினைத்து மற்றதை நாடுகிறார்கள். உண்மையில் இரண்டுமே எல்லா இடங்களையும் மாற்றுகின்றன.

சரங்களைச் சேர்க்கக் கூட்டல் குறி போதும், ஒரே வரியில் சிலவற்றைச் சேர்ப்பதாக இருந்தால். ஒரு சுழற்சிக்குள் திரும்பத் திரும்பச் சேர்க்கும்போதுதான், சரம் மாறாதது என்னும் இயல்புக்கு நாம் விலை கொடுக்கிறோம். 20 அலகு நீளமுள்ள 10,000 வரிகளை ஒவ்வொன்றாகக் கூட்டினால், ஒவ்வொரு முறையும் அதுவரை சேர்ந்தது முழுவதும் புதிய சரத்துக்கு நகலெடுக்கப்படும். மொத்தத்தில் ஏறத்தாழ நூறு கோடி அலகுகள் நகலாகும். ஸ்ட்ரிங்பில்டர் என்னும் வகுப்பு மாற்றத்தக்க ஒரு சேமிப்பிடத்தை வைத்துக்கொண்டு, அப்பெண்ட் மூலம் அதன் முடிவில் சேர்த்துக்கொண்டே போகும். இறுதியில் டுஸ்ட்ரிங் அழைத்தால் முழுச் சரம் கிடைக்கும். இதன் செயற்கூறுகள் ஸ்ட்ரிங்குக்கு நேர்மாறாக, தம்மையே மாற்றிக்கொள்பவை என்பதால் விடையை மீண்டும் மாறியில் இடத் தேவையில்லை. ஸ்ட்ரிங்பில்டர் ஈக்குவல்ஸை மறுவரையறை செய்யவில்லை; இரண்டு ஸ்ட்ரிங்பில்டர்களின் உள்ளடக்கத்தை ஈக்குவல்ஸால் ஒப்பிடுவதானால் இரண்டையும் முதலில் சரமாக்கிக்கொள்ள வேண்டும். பெயர்களுக்கு இடையில் காற்புள்ளி இட்டுச் சேர்ப்பது மட்டுமே வேலை என்றால், ஜாவா 8 முதல் உள்ள ஸ்ட்ரிங்.ஜாயின் அதை ஒரே வரியில் முடித்துவிடும்.

தமிழ்ப் பெயர்களை அகரவரிசைப்படுத்துவதற்கு, எந்தச் சரம் முன்னால் வரும் என்று சொல்லும் கம்பேர்டுவை நம்ப வேண்டாம். அது குறியீட்டு எண்களின் வரிசையைப் பின்பற்றுகிறது. யூனிக்கோட்டில் ன-வின் இடம் ந-வுக்கு அடுத்தது. நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். புள்ளியின் எண் ம போன்ற எழுத்துகளின் எண்களைவிடப் பெரியது என்பதால், அகராதிப்படி ‘அகம்’ என்பதற்கு முன் வர வேண்டிய ‘அக்கம்’ பின்னால் போய்விடும். ஐசியூ4ஜே என்னும் நூலகத்தில் வரிசைப்படுத்துவதற்கென உள்ள கொலேட்டரைத் தமிழ் மொழி அமைப்போடு பயன்படுத்தினால் வரிசை சரியாக அமையும்.

ஆகவே தம்பியின் நிரலில், கோப்பிலிருந்து ஒவ்வொரு வரியையும் காற்புள்ளியில் -1 தந்து பிரித்து, பெயரை முதலில் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றி, 160ஐ இடைவெளியாக்கி, 8203ஐ நீக்கி, ஸ்ட்ரிப் செய்து, ஒவ்வொரு படியிலும் திரும்பி வரும் சரத்தை மாறியில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகே ஈக்குவல்ஸ் கொண்டு ஒப்பிட வேண்டும். இந்தப் படிகளை உறுப்பினர் பட்டியல் முழுவதிலும் ஓட்டுவதற்கு முன், தமிழ் எழுத்தில் உள்ள பத்துப் பெயர்களையாவது உள்ளிட்டு, வெளிவரும் ஒவ்வொரு பெயரின் கடைசிப் புள்ளியையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.